பின்னச்சும் பற்சில்லும்

(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மோட்டார்க் காரைப் பற்றிப் பேச்செழுந்தால் எல்லாரும் எஞ்சினைப் பற்றியே பேசுவர். எத்தனை சிலிண்டர், எவ்வளவு குதிரைவலு, எவ்வளவு வேகம் என்று கேட்பர். அந்த வலு எஞ்சினிலிருந்து எவ்வழியாகப் பின்சில்லைச் சென்றடைகிறது, வழியில் அதனைத் தாங்கிக் கொடுப்பது எது என்று கேட்பவர் மிகச் சிலரே. கண்ணுக்குத் தெரியாமல், காரின் வயிற்றுக்குக் கீழே, ஒயிலிலும் இருளிலும் கிடந்து உழைக்கும் அந்தப் பின்னச்சைப் பற்றியே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டோம். அதிலும், 'மசில் கார்' என்று அமெரிக்கர் வழங்கும் பழைய வலுமிக்க கார்களில் பின்னச்சின் பற்சில்லுகளையும் டிபறென்சலையும் மாற்றி உயர்த்தும் தொழிலே நமது பொருள்.

"எங்கோ அமெரிக்காவில் ஓடும் காரைப் பற்றி நமக்கென்ன?" என்று பெரியோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஊர்களில் நெடுங்காலம் வாடகைக்கு ஓடிய மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரின் ஏ40 காரிலும், நாம் ஏறிச் சென்ற பஸ்ஸிலும், நெல் ஏற்றிய லொறியிலும் இருப்பது இதே அமைப்புத்தான். அமெரிக்கக் காரில் எஞ்சினின் வலு மிக அதிகம். ஆதலால் அச்சின் குணமும் குற்றமும் அங்கே பெரிதாகத் தெரிகின்றன. பெரிதாகத் தெரியும் இடத்தில் ஒன்றைக் கற்றுக்கொள்வது எளிது.

மசில் கார் பிறந்த கதை

1964ஆம் ஆண்டு மாதிரியாகப் பொன்ரியாக் கம்பனி 'ஜி.ரி.ஓ.' என்னும் காரை வெளியிட்டது. அக்காலத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் தன் நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக்கூடாது என்று ஒரு வரம்பு வகுத்திருந்தது. பொன்ரியாக்கின் பொறியியலாளர்களோ, ஜோன் டிலோரியன் தலைமையில், பெரிய காருக்குரிய 389 கன அங்குல எஞ்சினை அந்த நடுத்தரக் காரில் வைத்தனர். 325 குதிரைவலு, மூன்று காபுரேற்றர் பூட்டினால் 348. முதலாண்டிலேயே முப்பத்திரண்டாயிரத்துக்கு மேல் விற்பனையாயிற்று. அதைக் கண்டு செவ்றலே, போட், கிறைஸ்லர் முதலிய எல்லாரும் அவ்வழியே சென்றனர். 1970இல் செவ்றலே வெளியிட்ட செவெல் காரின் ஒரு வகையில் 454 கன அங்குல எஞ்சினும் 450 குதிரைவலுவும் இருந்தன. பின்னர் காப்புறுதிக் கட்டண உயர்வும், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் வந்து அந்தக் காலத்தை முடித்து வைத்தன.

அந்தக் கார்களை இன்றும் பலர் பேணி ஓட்டுகின்றனர். எஞ்சினைப் புதுக்கும்போது முன்னிலும் கூடிய வலுவைச் சேர்க்கின்றனர். அகலமான, நன்றாகப் பிடிக்கும் புதிய ரயர்களைப் பூட்டுகின்றனர். அப்பொழுதுதான் தொல்லை தொடங்குகிறது. பழைய ரயர் வழுக்கியது. வழுக்கியதனால் அச்சுப் பிழைத்தது. புதிய ரயர் வழுக்குவதில்லை. வழுக்காதபோது அந்த அடி முழுவதும் பற்சில்லின் பல்லிலும் அச்சுத் தண்டிலும் விழுகிறது. ஓரிடத்தில் வலுவைக் கூட்டியவன் அதைத் தாங்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் சாரம்.

விகிதம் என்பது என்ன?

கியர்ப் பெட்டியிலிருந்து நீண்ட சுழல்தண்டு ஒன்று பின்னே வருகிறது. அதன் முடிவில் 'பினியன்' என்னும் சிறு பற்சில்லு உண்டு. அது 'கிறவுண்' என்னும் பெரிய பற்சில்லைச் சுழற்றும். பெரியதன் பற்களைச் சிறியதன் பற்களால் வகுத்தால் வருவதே அச்சின் விகிதம். பெரியதில் 40 பல்லும் சிறியதில் 13 பல்லும் இருந்தால் விகிதம் 3.08. பெரியதில் 41, சிறியதில் 11 ஆனால் 3.73. அஃதாவது, சில்லு ஒரு முறை சுற்றச் சுழல்தண்டு 3.73 முறை சுற்ற வேண்டும்.

1968ஆம் ஆண்டுச் செவெல் எஸ்.எஸ். 396 கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 3.08 விகிதம் இருப்பதாகவும், சொந்தக்காரர் அதை 3.73 ஆக மாற்ற விரும்புவதாகவும் கொள்வோம். நால்வேகக் கியர்ப் பெட்டியின் முதற் கியர் 2.52 ஆனால், பழைய அச்சில் எஞ்சினின் முறுக்கு 7.76 மடங்காகப் பெருகிச் சில்லை அடையும். புதிய அச்சில் 9.40 மடங்காகும். நூற்றுக்கு இருபத்தொரு பங்கு கூடுதல். எஞ்சினில் ஒரு திருகாணியையும் தொடாமலே கார் புறப்படும் வேகம் வேறாகிவிடும். எஞ்சினுக்குப் பெரும் பணம் செலவழிக்குமுன் அச்சின் விகிதத்தைப் பார் என்று அனுபவமுள்ள தொழிலாளர் சொல்வது இதனாலேதான்.

ஆனால் இயற்கை ஒன்றையும் இலவசமாகத் தருவதில்லை. குதிரைவலு கூடவில்லை, முறுக்கைக் கூட்டிச் சுற்றைக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவே. இதைக் கணக்கிட எளிய வாய்பாடு ஒன்றுண்டு. மணிக்கு எத்தனை மைல் என்பதை விகிதத்தால் பெருக்கி, 336 ஆல் பெருக்கி, ரயரின் குறுக்களவை அங்குலத்தில் வைத்து வகுத்தால், நேர்க் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும் என்பது கிடைக்கும். ரயர் 26 அங்குலமும் வேகம் 60 மைலும் ஆனால், 3.08 விகிதத்தில் ஏறக்குறைய 2,390 சுற்று, 3.73இல் 2,890, 4.10இல் 3,180. நெடுந்தெருவில் மணிக்கணக்காக ஓடும்போது அந்த இரைச்சலையும் பெற்றோல் செலவையும் தேய்வையும் சொந்தக்காரரே சுமக்க வேண்டும்.

ஆகவே முதற் கேள்வி, "எந்த விகிதம் சிறந்தது?" என்பதன்று, "இந்தக் காரை எதற்காக வைத்திருக்கிறோம்?" என்பதே. கால் மைல் ஓட்டப் போட்டிக்கு மட்டுமாயின் 4.10 அல்லது அதற்கு மேலும் பொருந்தும். குடும்பத்தோடு நெடுவழி செல்வதற்காயின் 3.31க்கு அருகே நிற்பது நன்று. இரண்டும் வேண்டுமாயின் 3.55, 3.73 போன்ற நடுவழி. ஓவர்டிறைவ் உள்ள பிற்காலத்துக் கியர்ப் பெட்டியைச் சேர்த்தால் இச்சிக்கல் பெரிதும் தீரும். ஜெனரல் மோட்டர்ஸ் 1982இல் கொண்டுவந்த தானியங்கிப் பெட்டி ஒன்றின் கடைசிக் கியர் 0.70. அதனோடு 3.73 சேர்ந்தால், 60 மைலில் எஞ்சின் ஏறக்குறைய 2,025 சுற்றே சுற்றும். புறப்பாட்டில் வலுவும், ஓட்டத்தில் அமைதியும் ஒருங்கே கிடைக்கும்.

டிபறென்சலின் தத்துவம்

கார் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு கூடிய தூரம் ஓட வேண்டும்; உட்புறச் சில்லு குறைந்த தூரம். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கினால் ரயர் தேய்ந்து, கார் திரும்ப மறுக்கும். இதற்கு வழி செய்வதே டிபறென்சல். பிரான்சு நாட்டு மணிக்கூட்டுத் தொழில்வல்லுநரான பெக்கூர் என்பவர் 1820களின் பிற்பகுதியிலேயே நீராவி வண்டிக்காக இதை அமைத்துக் காப்புரிமை பெற்றார். மோட்டார்க் கார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே அதற்கு வேண்டிய இவ்வறிவு பிறந்துவிட்டது.

இங்கே பலரிடமுள்ள ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். ஒரு சில்லு சேற்றிலே சுழலும்போது வலு முழுவதும் அதற்கே போகிறது என்பர். அப்படியன்று. சாதாரண டிபறென்சல் இரு சில்லுக்கும் எப்பொழுதும் சமமான முறுக்கையே கொடுக்கும். சேற்றிலுள்ள சில்லு ஏற்கக்கூடியது மிகச் சிறிது. ஆதலால் நல்ல நிலத்திலுள்ள சில்லுக்கும் அச்சிறிதே கிடைக்கும். வலுக்குறைந்த சில்லே இருவருக்கும் அளவு வைக்கிறது. வலுமிக்க காரில் இக்குறை சேறில்லாத வீதியிலும் தோன்றும்: வேகமாகப் புறப்பட்டால் ஒரு சில்லு மட்டும் புகைந்து சுழன்று, கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதற்கு மாற்றாகப் பக்கார்ட் கம்பனி 1956இல் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபறென்சலைத் தன் கார்களில் வழங்கியது. பின்னர் செவ்றலே 'பொசிற்றிறாக்சன்' என்றும், கிறைஸ்லர் 'சுவர்-கிறிப்' என்றும் பெயரிட்டு விற்றன. இன்று மாற்றுவோருக்குப் பல வழிகள் உண்டு. கிளச்சுத் தட்டுகள் உள்ள வகை மென்மையாக வேலை செய்யும். தட்டுகள் தேய்ந்தால் மாற்ற வேண்டும். அதன் ஒயிலில் உராய்வைச் சீராக்கும் ஒரு கலவையும் சேர்க்க வேண்டும். சுருட்பற்சில்லு வகையில் தேயும் தட்டில்லை, ஓசையுமில்லை, ஆனால் ஒரு சில்லு நிலத்தை விட்டு எழும்பினால் அது பெரும்பாலும் பயன்தராது. 'லொக்கர்' என்னும் பூட்டு வகை மிக வலியது. வீதியில் திரும்பும்போது 'டக்' என்ற ஒலியும் சிறு உதறலும் தரும். இரு சில்லையும் ஒன்றாகவே இறுக்கிவிடும் 'ஸ்பூல்' போட்டித் திடலுக்கு மட்டுமே உரியது, வீதியில் வேண்டாம்.

இளைஞர் நினைவில் வைக்க வேண்டிய இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இவ்வகை டிபறென்சல் பூட்டிய காரில், மழை நாளில் அக்சிலேற்றரை அதிகம் மிதித்தால் இரு சில்லும் ஒருங்கே வழுக்கிக் காரின் பின்புறம் பக்கவாட்டில் வீசும். மற்றது, ஒரு பின்சில்லை மட்டும் ஜக்கில் உயர்த்தி எஞ்சினை ஓட்டிக் கியரில் போடக்கூடாது. நிலத்திலுள்ள சில்லு பிடித்து இழுத்துக் காரை ஜக்கிலிருந்து தள்ளிவிடும்.

எந்த அச்சு?

செவெல் காரில் இருவகை அச்சு வந்தது. சிறிய எஞ்சினுக்கு, மூடியில் பத்துத் திருகாணி கொண்டதும் 8.2 அங்குலக் கிறவுண் சில்லு உடையதுமான அச்சு. பெரிய எஞ்சினுக்குப் பன்னிரண்டு திருகாணியும் 8.875 அங்குலச் சில்லும் உள்ள அச்சு. முன்னையதைப் பெரிய வலுவுக்காகச் செலவழித்துத் திருத்துவது வீண். அச்சையே மாற்றுவது நன்று. போட் கம்பனி 1957 மாதிரி தொடக்கம் வழங்கிய 'ஒன்பதங்குல' அச்சு மிகப் புகழ்பெற்றது. அதன் பினியன் இருபுறமும் பெயரிங்கில் தாங்கி நிற்கும். உள்ளமைப்பு முழுவதையும் முன்புறமாகக் கழற்றி மேசையில் வைத்து வேலை செய்யலாம். இதனால் பிற கம்பனிக் கார்களிலும் அதையே பூட்டுவோர் பலர். கிறைஸ்லரின் ஹெமி எஞ்சினும் நால்வேகக் கியர்ப் பெட்டியும் கொண்ட கார்களில் வந்த 'டானா 60' அச்சின் கிறவுண் சில்லு 9.75 அங்குலம், அது வலிமையில் பெரியது, பாரத்திலும் பெரியது.

பன்னிரு திருகாணி அச்சில் ஒரு நுட்பம் உண்டு. விகித எண் கூடினால் பினியன் சிறுக்கும். ஆகவே கிறவுண் சில்லு அதனை நோக்கி நகர வேண்டும். இதனால் 3.08 முதல் 3.73 வரை ஒரு கூடும், 4.10உம் அதற்கு மேலும் ஆனால் வேறு கூடும் வேண்டும். நாம் எடுத்த உதாரணத்தில் 3.08இலிருந்து 3.73க்குப் போவதால் பழைய கூடே போதும். 4.10க்குப் போக விரும்புவோர் புதிய கூட்டையோ, தடித்த கிறவுண் சில்லையோ சேர்த்து வாங்க வேண்டும். இதை அறியாமல் பற்சில்லை மட்டும் வாங்கினால் பணமும் நாளும் வீணாகும். பினியன் சிறுக்கச் சிறுக்க அதன் பல்லும் வலிமை குறையும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி, உயிரோடு தொடர்புடைய ஒரு பகுதி. இவ்வச்சில் சில்லுத் தண்டை உள்ளே பிடித்து வைப்பது 'சீ' எழுத்து வடிவிலான ஒரு சிறு கவ்வி. தண்டு முறிந்தால் அதன் வெளித்துண்டைப் பிடித்து வைக்க எதுவுமில்லை; சில்லும் தண்டுமாகக் காரை விட்டு வெளியே வந்துவிடும். ஓடும் காரில் இது நேர்ந்தால் விளைவை விரித்துரைக்க வேண்டியதில்லை. போட் ஒன்பதங்குல அச்சில் தண்டு வெளிமுனையில் தகட்டினாலும் பெயரிங்கினாலும் பிடிக்கப்பட்டிருப்பதால் இந்த அபாயம் குறைவு. எனவே வலுவைக் கூட்டுவோர் நல்ல எஃகில் செய்த புதிய தண்டுகளை முதலில் வாங்க வேண்டும். போட்டிக்கு ஓட்டுவோர் அந்தக் கவ்வியைத் தவிர்க்கும் அமைப்பையும் சேர்க்க வேண்டும். மினுங்கும் மூடிக்குச் செலவிடும் பணத்தைத் தண்டுக்குச் செலவிடுவதே அறிவு.

பூட்டும் முறை

முதலில் உள்ளதை அறிய வேண்டும். சாதாரண டிபறென்சலாயின், காரை நியூற்றலில் விட்டு, மற்றச் சில்லுகளுக்கு முட்டுக்கட்டை வைத்து, ஒரு பின்சில்லு நிலத்தில் நிற்க, மற்றதை உயர்த்தி இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால், சுழல்தண்டு எத்தனை முறை சுற்றுகிறதோ அதுவே விகிதம். மூடியைத் திறந்தபின் பல்லை எண்ணினால் ஐயமே இல்லை.

பூட்டுவதில் நான்கு காரியங்கள் முக்கியம். ஒன்று, பினியன் எவ்வளவு ஆழம் உள்ளே நிற்கிறது என்பது. இதனை மெல்லிய சிம் தகடுகளால் அமைப்பர். இரண்டு, பினியன் பெயரிங்கின் இறுக்கம். இதற்குரிய நசுங்கு குழலை ஒவ்வொரு முறையும் புதிதாகவே போட வேண்டும். மூன்று, இரு பற்சில்லுகளுக்கும் இடையிலுள்ள பல்லாட்டம். பொதுவாக ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு முதல் பத்துப் பங்கு வரை. டயல் மானியை வைத்துக் கிறவுண் சில்லைச் சுற்றிப் பல இடங்களில் அளக்க வேண்டும். நான்கு, பல்லில் விழும் தடம். மஞ்சட் பசையைப் பல்லில் பூசிச் சுழற்றினால் தொடும் இடம் தெரியும். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். அடியில் விழுந்தால் பினியன் மிக ஆழத்தில் இருக்கிறது. நுனியில் விழுந்தால் ஆழம் போதாது. திருத்தி மீண்டும் பூட்டி மீண்டும் பார்க்க வேண்டும். மூன்று நான்கு முறை கழற்ற நேர்வது தொழிலின் இயல்பு. அதற்குச் சலிப்பவன் இவ்வேலையைத் தொடக்கூடாது. பெயரிங்குகளையும் ஒயில் சீல்களையும் புதிதாகப் போடுவதே முறை. கிறவுணும் பினியனும் சோடியாகவே உராய்ந்து பொருத்தப்பட்டவை. ஒன்றைப் பழையதாகவும் மற்றதைப் புதிதாகவும் சேர்க்கலாகாது.

பூட்டியபின் பொறுமை வேண்டும். முதலில் பத்துப் பதினைந்து மைல் மெதுவாக ஓட்டி, அச்சு நன்றாக ஆறும்வரை நிறுத்த வேண்டும். இப்படிச் சில முறை செய்தல் நன்று. முதல் 500 மைலுக்கு வேகப் புறப்பாடும் பாரம் இழுத்தலும் ஆகா. அதன்பின் ஒயிலை மாற்ற வேண்டும். புதிய பற்கள் ஒன்றோடொன்று பழகுமுன் சூடேறினால் கடினம் இழந்து, பின்னர் காலமெல்லாம் அழுதுகொண்டே ஓடும்.

வேகமானியையும் மறக்கக் கூடாது. அக்காலக் கார்களில் அது கியர்ப் பெட்டியின் வாலிலிருந்து ஓடுவது. 3.08 போய் 3.73 வந்தால், கார் 60 மைலில் ஓடும்போது மானி 72க்கு மேல் காட்டும். அங்குள்ள சிறு பற்சில்லை மாற்றிச் சரிசெய்யலாம்.

இன்னொன்று: பழைய அச்சின் குழாயில் பொறித்துள்ள குறியீடு அந்தக் காரின் பிறப்புச் சான்றைப் போன்றது. விகிதத்தையும், அச்சுச் செய்த காலத்தையும் அது காட்டும். ஆகவே கழற்றிய பற்சில்லையும் அச்சையும் பழைய இரும்புக்குக் கொடாமல், ஒயில் பூசிப் பெயரெழுதிப் பேணி வைக்க வேண்டும். நாளை இக்காரைப் பெறுபவர் அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர விரும்பலாம். முன்னோர் செய்த பொருளைத் திருத்தும் உரிமை நமக்கு உண்டு. அழிக்கும் உரிமை உண்டா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இளைஞர்களே! கராஜில் கைகறுக்க உழைப்பதைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக ஒழியவில்லை. பல்லை எண்ணவும், விகிதத்தை வகுக்கவும், ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கவும், பசையில் விழுந்த தடத்தைப் படித்துக் காரணம் காணவும் தெரிந்தவன் படித்தவனே. வகுப்பறையில் கற்ற நெம்பும் முறுக்கும் இங்கே இரும்பாகி நிற்கின்றன. பெரியோர்களே! உங்கள் பிள்ளை ஒரு பழைய டிபறென்சலைக் கழற்றி விறாந்தையில் பரப்பி வைத்தால், தயவுசெய்து உடனே ஏசாதீர்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று அவனைக் கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் அவன் கையில் ஒரு தொழில் வளர்கிறது. சொல்லத் தெரியாவிட்டால் மீண்டும் பூட்டும்வரை விறாந்தையை விட்டு எழ விடாதீர்கள்!